சைக்கிளும் கல்யாணப் பேச்சும்

கேள்வி: பதின்வயதிலேயே கர்ப்பமாகும் பெண்களின் எண்ணிக்கை குறைகிறது என்கிறார்களே, மருந்து மாத்திரையாலா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: மாத்திரைக்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் காரணம் பள்ளிக்கூடம். தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15–19 வயதில் தாயான அல்லது கர்ப்பமான பெண்கள் 2005–06இல் 16 சதவீதம். 2019–21இல் சுமார் 7. நம் நாட்டில் இது பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பிறகே நடக்கிறது. ஆகவே கல்யாணம் தள்ளிப்போனால் கர்ப்பமும் தள்ளிப்போகும். கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது பள்ளிக்கூடம்.

பல கிராமங்களில் எட்டாம் வகுப்போடு ஊர்ப்பள்ளி முடிகிறது. உயர்நிலைப் பள்ளி தொலைவில். "வயசுப் பிள்ளையைத் தனியா எப்படி அனுப்புறது?" என்று வீட்டில் நிறுத்துகிறார்கள். அடுத்து தரகர் வருகிறார். வயது ஏறினால் வரதட்சணையும் ஏறுமென்ற பயம் வேறு. இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை கூடியது.

2019–21 ஆய்வின்படி, 15–19 வயதில் தாயான அல்லது கர்ப்பமானவர்களின் விகிதம், பள்ளியே போகாத பெண்களில் சுமார் 18 சதவீதம். பன்னிரண்டு வரை படித்தவர்களில் 4தான். வறுமைக்கும் இதில் பங்குண்டு என்றாலும், வித்தியாசம் பெரிது.

ஆனால் நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. அதே ஆய்வில் தமிழ்நாட்டின் விகிதம் 2015–16இல் இருந்த 5 சதவீதத்திலிருந்து 2019–21இல் 6.3 ஆக ஏறியிருக்கிறது. தாலிக்குத் தங்கம் தந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022இல் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாறியது சரியான திருப்பம்.

பக்கத்து வீட்டில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தமா? குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள்.