"எண் ஒன்றை அழுத்தவும்" என்று போன் சொன்னால்...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, எந்த ஆண்ட்டி வைரஸ் நல்லது என்பதைத்தான். நல்ல கேள்விதான். ஆனால் இன்று பல திருட்டுகள் கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை; பக்கத்தில் இருக்கும் போனில் தொடங்குகின்றன. வீட்டில் ஒரு விபத்து நடந்து எல்லாரும் கலங்கியிருக்கும் நேரத்தில் அந்த போன் வந்தால், சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

எங்கள் ஊர் செஞ்சி. கோட்டை பார்க்க வரும் கார்களும், திண்டிவனம் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை லாரிகளும் கலந்து ஓடும் ஊர். அந்தச் சாலையில் என் பெரியப்பாவின் காரை ஒரு லாரி பின்னாலிருந்து இடித்துவிட்டது. காலில் எலும்பு முறிவு. நான்காம் நாள் பெரியம்மாவின் போனில் ஒரு பதிவுக் குரல்: "அண்மையில் உங்கள் குடும்பத்தில் வாகன விபத்து ஏற்பட்டதா? நஷ்டஈடு பெற எண் ஒன்றை அழுத்தவும்." அழுத்தியவுடன் ஒரு பெண் பேசியிருக்கிறார். விவரங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு, கிளைம் பாரம் என்று ஒரு லிங்க் அனுப்பி, கம்ப்யூட்டரில் திறக்கச் சொல்லியிருக்கிறார். நல்ல வேளையாகப் பெரியம்மா எனக்கு போன் செய்தார். "தம்பி, ஏதோ பைல் இறங்கியிருக்குப்பா, தொறக்கலாமா?"

அந்த பைலைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் குரல் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான போன் எண்கள் கொண்ட பட்டியல் இருக்கும். ஆட்டோ டயலர் என்ற புரோகிராம் ஒரே நேரத்தில் பல எண்களை அழைக்கும். யாராவது எடுத்தால் பதிவு செய்த குரலை ஓடவிடும். போனில் ஒவ்வொரு பட்டனும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்புகிறது. எண் 1க்கு 697 ஹெர்ட்ஸ், 1209 ஹெர்ட்ஸ். இந்த ஜோடியைக் கேட்டவுடன், இந்த எண்ணில் பதில் சொல்லும் ஆள் இருக்கிறார் என்று புரோகிராம் குறித்துக்கொள்ளும். "இனி அழைக்க வேண்டாம் என்றால் 9" என்று சொன்னாலும் கதை இதேதான். எதையும் அழுத்தாமல் வைத்துவிடுவதே நல்லது.

விபத்து நடந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பல நேரங்களில் தெரியவே தெரியாது. கிளி ஜோசியர் "உங்களுக்கு ஒரு கண்டம் வந்து போயிருக்கு" என்பது போலத்தான். ஆயிரம் பேரிடம் கேட்டால் சிலருக்குப் பொருந்தும்.

உண்மையிலேயே தெரிந்து வருவதும் உண்டு. 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அளித்த உத்தரவின்படி, சில வகை வழக்குகள் நீங்கலாக, எப்.ஐ.ஆர். 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். நமக்கு நன்மை தரும் உத்தரவு; ஆனால் பெயரும் ஊரும் மற்றவர் கண்ணிலும் படும். வாகனப் பதிவு விவரங்களை மத்திய அரசே தனியார் நிறுவனங்களுக்கு விற்று வந்தது. 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு: 87 தனியார் நிறுவனங்கள், சுமார் 65 கோடி ரூபாய் வருமானம். அந்தத் திட்டம் 2020 ஜூனில் கைவிடப்பட்டது. ஏற்கனவே கைமாறிய பட்டியலை யார் திரும்ப வாங்குவது?

பிரிட்டனில் இந்த "விபத்து நஷ்டஈடு" அழைப்புகள் பெரும் தொல்லையாகி, 2018 செப்டம்பர் 8 முதல், முன் சம்மதம் தராதவர்களைக் கிளைம் நிறுவனங்கள் அழைப்பது தடை செய்யப்பட்டது.

இப்போது அந்த பைல். ஐகான் பி.டி.எப். போலவே இருந்தது. பெயரும் "கிளைம் பாரம் பி.டி.எப்." என்றே தெரிந்தது. விண்டோஸ், தனக்குத் தெரிந்த பைல் வகைகளின் கடைசிப் பெயரை மறைத்து வைக்கும். அதைக் காட்டச் செய்ய, விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே வியூ, அதில் ஷோ, அதில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைக் கிளிக் செய்திடவும். பெரியம்மாவை போனிலேயே இதைச் செய்ய வைத்தேன். பெயரின் முடிவில் இ.எக்ஸ்.இ. என்று வந்து நின்றது. அதாவது அது பாரம் அல்ல, புரோகிராம். திறக்காமல் அழித்தோம். புதுக் கம்ப்யூட்டரில் முதல் நாளே இந்த அமைப்பை மாற்றிவிடுங்கள். போனில் ஏ.பி.கே. என முடியும் பைல் வந்தாலும் இதே ஜாக்கிரதை வேண்டும். "நானே பாரம் நிரப்பித் தருகிறேன், எனிடெஸ்க் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், உங்கள் கம்ப்யூட்டரை அவர் கையில் கொடுக்கச் சொல்கிறார் என்று பொருள்.

நஷ்டஈடு கேட்கும் வழி வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவின் கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்திட வேண்டும். விபத்து சென்னையில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே கேட்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள விதிகளின்படி, விசாரிக்கும் போலீஸ் அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும். அந்தப் பிரதி கிடைத்ததா என்று ஸ்டேஷனில் கேளுங்கள். மனுவுக்குச் சட்டம் வைத்துள்ள கெடு 6 மாதம். "இன்றே கடைசி நாள்" என்று நான்காம் நாள் அவசரப்படுத்துபவர் பொய் சொல்கிறார். வழக்கறிஞர்கள் வலியவந்து வழக்குத் தேடுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையும் பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்கள் வருமான வரம்பு இல்லாமல் இதனைப் பெறலாம்.

தொல்லை அழைப்புகளை நிறுத்த 1909 எண்ணை அழைத்துப் பதிவு செய்திடவும். விளம்பர அழைப்புகளுக்கு 140 எனத் தொடங்கும் எண்களும், வங்கி, இன்ஷூரன்ஸ் சேவை அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் உஷார். டிராய் 2025 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தியதால், நீங்கள் முன்பே பதிவு செய்யாதவராக இருந்தாலும் 7 நாட்களுக்குள் புகார் தரலாம். அழைத்த எண், தேதி, என்ன சொன்னார்கள் என்ற மூன்றையும் குறித்து வைத்திடுங்கள்.

ஏமாற்று என்று தோன்றினால் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதி உள்ளது. அங்கே போகும்போது முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடிகிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளவும். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930.