மழைக்காலத்திற்கு முன் ஒரு வார உணவைச் சேமிப்போம்



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை விட அது அதிகம். சாலைகளும் இரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. மின்சாரமும் செல்போனும் நின்றுபோயின. இப்படிப்பட்ட நேரத்தில் நிவாரணம் வந்து சேரும்வரை வீட்டில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் அரிசி இருக்கும். ஆனால் தரையில் வைத்த மூட்டை நனைந்துவிடும். அல்லது சமைக்க நல்ல தண்ணீர் இருக்காது. அதனால் எவ்வளவு சேமிக்கிறோம் என்பதோடு, எதை, எங்கே வைக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சேமிப்பது தவக்குலுக்கு முரணா?

இல்லை. வரப்போகும் பஞ்சத்திற்காக ஏழு ஆண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்க யூசுஃப் (அலை) அவர்கள் வழிகாட்டியதைக் குர்ஆன் சொல்கிறது. விலையேற்றத்தை எதிர்பார்த்துப் பதுக்குவதுதான் தவறு. புயல் செய்தி வந்த பிறகு கடைக்கு ஓடி அள்ளி வருவதும் பிறருக்கு இல்லாமல் செய்துவிடும். மாதா மாதம் சாமான் வாங்கும்போது ஒன்றிரண்டு பொருளைக் கூடுதலாக வாங்கி வந்தாலே போதும்.

நான்கு பேர் குடும்பத்திற்கு

* தண்ணீர்: குடிக்க, சமைக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். மூன்று நாளைக்கு 48 லிட்டர்.
* அரிசி 10 கிலோ, பருப்பு வகை 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு, வெங்காயம், புளி, மசாலாத் தூள்.
* அடுப்பு இல்லாமல் உண்ண: அவல், பொரிகடலை, வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், ரஸ்க், பிஸ்கட்.
* குழந்தைக்குப் பால் பவுடர், பெரியவர்களுக்கு ஒரு வார மருந்து, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள்.
* டார்ச், தீப்பெட்டி, கத்தரிக்கோல். இவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீட்டில் வெல்லம், பேரீச்சம்பழத்தை நம்பாமல் கடலை வகைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

பருப்பு, மிளகாய், மல்லியை நன்கு வெயிலில் காயவைத்து, ஆறிய பின் ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடுங்கள். அரிசியில் காய்ந்த வேப்பிலை போட்டால் வண்டு குறையும். எல்லாவற்றையும் பரணிலோ உயரமான அலமாரியிலோ வையுங்கள். டப்பாவில் தேதி எழுதி, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்குங்கள். பழையதை அன்றாடச் சமையலுக்கு எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் புதியதால் நிரப்பினால் எதுவும் வீணாகாது.

மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். கறி, மீன், பாலை முதலில் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். வெள்ள நீர் பட்ட மாவையும் அரிசியையும் கழுவிப் பயன்படுத்தாதீர்கள். வீணாகிறதே என்று மனம் கேட்காது, ஆனால் அந்த நீரில் சாக்கடையும் கலந்திருக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். வீட்டுக்குள் நீர் ஏறினால் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

பக்கத்து வீட்டையும் சேர்த்து

தினக்கூலியில் வாழும் குடும்பத்தால் ஒரு வாரத்திற்குச் சேர்த்து வைக்க முடியாமல் போகலாம். தனியாக வாழும் முதியவரால் பரண் ஏற முடியாது. பக்கத்து வீட்டார் பசித்திருக்க நாம் வயிறார உண்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். எனவே வசதியுள்ளவர்கள் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள். பக்கத்து வீட்டார் எந்த மதத்தவராக இருந்தாலும் அது அவர்களுக்கும் உரியதே.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். இந்த வாரமே குடும்பத்தோடு உட்கார்ந்து, வீட்டில் இருப்பதையும் இல்லாததையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகளிடம் தேதி எழுதும் பொறுப்பைக் கொடுங்கள். அவசியம் வராமலே போனால் அல்ஹம்துலில்லாஹ். அந்த அரிசி நம் உலையில்தான் வேகும்.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.