குஞ்சுக் கூட்டில் வெப்பமானி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கமக்காரர் பலர் வீட்டுத் தேவைக்கு முட்டையும், மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் எருவும் பெறுவதற்காகக் கோடியிலே சில கோழிகளை வளர்த்து வருகின்றனர். முன்னாளில் அடைக்கோழியே குஞ்சைப் பொரித்துத் தன் சிறகின் கீழ் வைத்து வளர்த்தது. இந்நாளிலோ ஐம்பது, நூறு என ஒரு நாட் குஞ்சுகளைப் பெட்டியிலே வாங்கி வந்து, விளக்குச் சூட்டில் வளர்ப்போரே மிகுதி. தாயில்லாக் குஞ்சுக்கு அவ்விளக்கே தாயாகும். விளக்கு எரிகின்றது என்பதை யாவரும் பார்க்கின்றனர். அது தரும் சூடு எவ்வளவு என்பதைப் பார்ப்போர் மிகச் சிலரே.

ஒருமுறை வலிகாமம் பகுதியில் ஒரு கமக்காரர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஐம்பது குஞ்சு வாங்கியவர் ஆறாம் நாளில் பதினேழு குஞ்சுகளை இழந்திருந்தார். “தம்பி, படுக்கப் போக முன்னம் நான் கூட்டுக்குள்ளை கை வைச்சுப் பாத்தனான். சூடாத்தான் கிடந்தது. இது ஏதோ வருத்தம், மருந்து சொல்லுங்கோ” என்றார். நான் மருந்து சொல்லவில்லை. கொண்டு சென்ற வெப்பமானியைக் கூட்டினுள் கட்டிவிட்டு, இரவு ஒன்பது மணிக்கும் விடியற்புறம் நான்கு மணிக்கும் பார்த்துக் குறித்து வைக்குமாறு அவரை வேண்டினேன். மறுநாள் அவர் காட்டிய கடதாசியில் முதலாவது எண் 33, இரண்டாவது எண் 25. அவர் கை வைத்துப் பார்த்த வேளையில் கூடு சூடாகவே இருந்தது. அவர் உறங்கிய வேளையில் வாடைக்காற்று வடபுறத்து ஓலைத்தட்டியின் இடைவெளியால் உள்ளே புகுந்து கொண்டிருந்தது.

இங்கே ஒன்றை விளக்குதல் வேண்டும். பொரித்த குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காக்கும் ஆற்றலை முதற் சில நாட்களில் முழுமையாகப் பெற்றிருப்பதில்லை. அதன் உடலில் இருப்பது மென்மயிரேயன்றிச் சிறகன்று. குளிர்ந்த குஞ்சு தீனிக்கும் நீருக்கும் செல்லாது விளக்கடியில் ஒடுங்கி நிற்கும். அன்றைக்கே அது சாவதுமில்லை. வயிற்றினுள் எஞ்சிய மஞ்சட்கரு சில நாட்கள் அதனைத் தாங்கும். பின்னர் மலவாயிலில் எச்சம் ஒட்டிக்கொள்ள, மூன்றாம் நாள் முதல் ஒவ்வொன்றாய் விழும். குளிர் பட்ட நாள் ஒன்று, சாவு வரும் நாள் வேறொன்று. ஆதலாற்றான் நோயென்று மயங்குகின்றோம். மெய்யான நோயும் உண்டு. ஐயமிருப்பின் கால்நடை வைத்தியரிடம் இறந்த குஞ்சைக் கொண்டு சென்று காட்டுதல் வேண்டும். ஆனால் அதற்கு முன்னர் கூட்டின் சூட்டை அறிந்து செல்வீராயின் அவருக்கும் அது உதவியாகும்.

நமது நாடு வெப்பநாடு, இங்கே குளிர் என்ன செய்யும் என்று கேட்போரும் உளர். 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவிற் கடந்து சென்ற நாட்களில், குளிர்காற்றும் மழையும் சேர்ந்தமையால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. வளர்ந்த மாட்டுக்கே அந்நிலை. மாரி காலத்தில் இங்கு இரவுச் சூடு 22, 23 பாகை செல்சியசுக்கு இறங்குவது வழக்கம். ஒரு நாட் குஞ்சு வேண்டுவதோ 35 பாகை. இடையிலுள்ள பன்னிரண்டு பாகையையும் விளக்கே நிரப்புதல் வேண்டும்.

இனி வெப்பமானியைப் பற்றிக் கூறுவோம். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானி இவ்வேலைக்கு ஆகாது. அது 35 பாகைக்குக் கீழே காட்டாது. ஏறிய இரசம் உதறினாலன்றி இறங்காது. நள்ளிரவில் ஏறிய எண்ணையே விடியலிலும் காட்டி நம்மை ஏமாற்றும். 2020இல் கொரோனா வந்த காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவியும் மனித உடலுக்கென அமைந்ததே. சுவரில் மாட்டும் சாதாரண அறை வெப்பமானி போதும். அதிலும் சிவப்பு நிறச் சாராயம் அடைத்ததையே வாங்குக. இரசம் அடைத்தது வேண்டா. அது உடைந்தால் உருண்டோடும் மணிகளைக் குஞ்சு தீனியென்று கொத்தும். அதன் ஆவி மனிதருக்கும் நஞ்சாகும். அவ்வாறு உடைந்துவிடின் குஞ்சுகளை அகற்றி, கதவு யன்னல்களைத் திறந்து, விளக்குமாற்றால் கூட்டாது, தடித்த கடதாசியால் மணிகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள போத்தலில் அடைத்தல் வேண்டும். படுக்கையின் அப்பகுதி உமியையும் தனியே அகற்றுக, எருக்குழியிற் போடாதீர். மின்கலத்தில் இயங்கும் இலக்க வெப்பமானிகளிற் சில, இரவில் இறங்கிய ஆகக் குறைந்த எண்ணைத் தாமே நினைவில் வைத்துக் காட்டும். விலை சற்றுக் கூடினும் நித்திரை மிச்சமாகும்.

வாங்கிய வெப்பமானி சரியானதா என்று சோதித்துப் பார்த்தே கட்டுக. மீன் சந்தையில் ஐசுக்கட்டி சிறிது வாங்கி நொறுக்கி, நல்ல நீர் சிறிது சேர்த்துக் கலக்கி, குமிழை அதனுள் ஐந்து நிமிடம் வைத்தால் 0 பாகை காட்டுதல் வேண்டும். உப்புப் பட்ட ஐசு ஆகாது. அது பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். அதைவிட நமக்கு வேண்டிய இடத்திற் சோதிப்பது மேல். ஒரு கோப்பையில் கைபொறுக்கும் இளஞ்சூட்டு நீர் எடுத்து, வெப்பமானியையும் வீட்டிலுள்ள காய்ச்சல் வெப்பமானியையும் அருகருகே அமிழ்த்தி இரண்டையும் ஒப்பிடலாம். நீர் 40 பாகையைக் கடத்தலாகாது. காய்ச்சல் வெப்பமானி வெடித்துவிடும். இலக்க வெப்பமானியை நீரில் அமிழ்த்தாதீர். வேறுபாடு இரண்டு பாகையாயின் அதனை ஒரு துண்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுக.

எங்கே கட்டுவது என்பதே முதன்மையானது. நான் பயிற்சி பெற்ற நாட்களில் கூட்டின் சுவரில், என் கண்மட்டத்தில் வெப்பமானியை மாட்டி, நாள்தோறும் ஒழுங்காக எண்களை எழுதி வந்தேன். அவ்வெண்களால் ஒரு குஞ்சுக்கும் பயனில்லை. குஞ்சு என் கண்மட்டத்தில் வாழ்வதில்லை. வெப்பமானியின் குமிழ் படுக்கைக்கு மேல் 5 சதமமீற்றர் உயரத்தில், அதாவது குஞ்சின் முதுகு மட்டத்தில் இருத்தல் வேண்டும். விளக்கின் நேர்கீழே வைத்தால் மிகையாகவும், வளைப்பின் ஓரத்தில் வைத்தால் குறைவாகவும் காட்டும். விளக்கு மூடியின் விளிம்புக்கு நேர்கீழே தொங்கவிடுக. குஞ்சு கொத்தியும் மிதித்தும் உடையாதிருக்க, ஒருபுறம் திறந்த மூங்கிற் பிளவினுள் வைத்துக் கட்டலாம்.

முதல் வாரம் 35 பாகை. பின்னர் வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைத்து, இரண்டாம் வாரம் 32, மூன்றாம் வாரம் 29, நான்காம் வாரம் 26 என வருதல் வேண்டும். குஞ்சு வருவதற்கு முதல்நாளே விளக்கை ஏற்றி உமிப் படுக்கையையும் சூடாக்குக. பார்க்கும் வேளைகள் மூன்று: பொழுதுபட்டதும், படுக்கைக்குச் செல்லுமுன், முற்கோழி கூவும் வேளை. மூன்றாவதே இன்றியமையாதது, அவ்வேளையிற்றான் நிலமும் காற்றும் ஆகக் குளிர்ந்திருக்கும். பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் எண்ணையும் இறந்த குஞ்சின் தொகையையும் குறித்து வருக. சித்திரை, வைகாசி நண்பகலிலோ நிலைமை மாறும். கூரைத் தகட்டின் கீழே விளக்கின்றியே 35 பாகை வந்துவிடும். அப்போது விளக்கை அணைத்து நீரைக் கூட்டி வைத்தல் வேண்டும்.

வெப்பமானி கூறுவதைக் குஞ்சும் கூறும். விளக்கடியில் ஒன்றன்மேலொன்று ஏறிக் கீச்சிடுமாயின் சூடு போதாது. வளைப்பின் ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து சிறகை விரித்து இளைக்குமாயின் சூடு மிகை. ஒருபுறமாக ஒதுங்குமாயின் மறுபுறத்திலிருந்து காற்று வருகின்றது. அதனைத் தேடி அடைக்க. எங்கும் பரந்து சில தின்ன, சில உறங்கினால் நன்று. கருவியும் குஞ்சும் முரண்பட்டால் நான் குஞ்சையே நம்புவேன். பின்னர் கருவியைச் சோதிப்பேன்.

சூடு தரும் விளக்கே வீட்டை எரித்த செய்தியும் கேட்டதுண்டு. ஓலைக்கூரையின் கீழும் உமியின் மேலும் நெருப்பை வைக்கின்றோம் என்பதை மறவாதீர். குமிழைக் கம்பியாலோ சங்கிலியாலோ தொங்கவிடுக, மின்வயரிலே தொங்கவிடாதீர். விழுந்தாலும் உமியைத் தொடாதவாறு கம்பிக்கூடு இடுக. பெரிய குமிழுக்கு வெண்களிமண் பிடியே ஏற்றது. ஐம்பது குஞ்சுக்கு 100 வாற் குமிழ் ஒன்றைவிட 60 வாற் குமிழ் இரண்டு மேலானது. ஒன்று கெட்டாலும் மற்றது விடியும்வரை காக்கும். இக்காலத்து எல்.இ.டி. குமிழ் ஒளி தருமேயன்றிக் குஞ்சுக்கு வேண்டிய சூடு தராது. இதனை அறியாது மாற்றிக் குஞ்சு இழந்தவர்கள் உளர்.

மின்சாரம் இல்லாத வேளைக்கு அரிக்கன் லாம்பு உதவும். 1990களில் மின்சாரமின்றி, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடாகிய நாட்களில் ஜாம் போத்தல் விளக்கோடு படித்த தலைமுறையினருக்கு நான் விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; எனினும் குஞ்சுக் கூட்டில் திறந்த சுவாலை வேண்டா. சட்டியிற் கரித்தணல் வைத்து நாற்புறமும் சாக்கால் மூடுவது அதனினும் கேடு. மணமற்ற நச்சுவாயு குஞ்சையும் அருகிற் படுப்போரையும் கொல்லும். வெந்நீரைப் போத்தல்களில் அடைத்துச் சாக்கிற் சுற்றி வளைப்பினுள் வைத்தால் சில மணி நேரத்துக்குத் தீங்கின்றிச் சூடு கிடைக்கும்.

இன்னுமொன்று. குஞ்சும், தீனிக்கு வரும் எலியும் பாம்பை அழைக்கும். இரவிற் கூட்டைப் பார்க்கச் செல்வோர் டோர்ச் இன்றியும் காலணி இன்றியும் செல்லலாகாது. படுக்கை உமியுள் வெறுங்கையை விடலாகாது. வளைப்பின் மேலும் கீழும் அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுடைய வலை அடித்தால் சாரையும் நாகமும் நுழைவது அரிது. விரியன் முதலியன தீண்டின் கட்டுப்போட்டு நேரத்தைப் போக்காது உடனே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்க.

நான்காம் வாரம் முடிவில் சிறகு முளைத்த பின்னர், முதலிற் பகலிலும் பின்னர் இரவிலுமாக விளக்கை நிறுத்தலாம். மழை இரவாயின் இரண்டொரு நாள் பொறுக்க. எச்சம் கலந்த உமியைக் குவித்து மக்க வைத்த பின்னரே பாத்திக்கு இடுக. புதிதாக இட்டால் வெங்காயம் கருகும். வெப்பமானியைத் துடைத்து, ஒட்டிய துண்டு கழராமல், அடுத்த குஞ்சுத் தொகுதிக்கு எடுத்து வைக்க.