பசை அட்டையில் ஒரு பாடம்

சத்துணவு அரிசி அறையில் நான் வாங்கி வைத்த எலிப்பசை அட்டையில் சாரைப்பாம்புக் குட்டி ஒட்டிக் கிடந்தது. எலியைத் தின்னும் பாம்பு! எண்ணெய் தடவி எடுத்தோம்; பிழைக்கவில்லை.

"இது குற்றமா சார்?" என்றான் எட்டாம் வகுப்பு மாணவன். உயிரினப் பாதுகாப்புப் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 பொறிவைத்துப் பிடிப்பதையும் வேட்டை என்றே சொல்கிறது. சாரை அதன் பாதுகாப்புப் பட்டியலில் உண்டு, வீட்டெலி இல்லை. ஆனால் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதர் தவிர்த்த எல்லா உயிரும் 'விலங்கு'தான். தேவையற்ற வலி தருவது குற்றம். பசையில் சிக்கிய எலி பசியிலும் தாகத்திலும் மெல்லச் சாகிறது. இந்திய விலங்குகள் நல வாரியமும் இவ்வட்டைகளைத் தடைசெய்யுமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

மறுநாளே கதவிடுக்கைத் தகரத்தால் அடைத்தோம். கூண்டுப்பொறியைக் காலையும் மாலையும் நானே பார்க்கிறேன்.