அந்தமான் நிக்கோபார் கடலில் மீன்பிடி முறைகளும் சட்டமும்

வங்கக் கடலின் கிழக்கே, வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நிலப்பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர் மட்டுமே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை நான்கு இலட்சத்தை எட்டவில்லை. ஆயினும் இத்தீவுகளைச் சுற்றி நம் நாட்டிற்கு உரிமையான தனிப் பொருளாதாரக் கடற்பரப்பு ஏறத்தாழ 6 இலட்சம் சதுர கிலோமீட்டர் ஆகும். நாட்டின் மொத்தக் கடற்பரப்பில் இது ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு. இக்கடலில் ஆண்டுதோறும் 1.48 இலட்சம் டன் மீன் பிடிக்க இயலும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் கணிசமான பகுதி ஆழ்கடலில் திரியும் சூரை இனங்களைச் சேர்ந்தது. கரையோர மக்கள் டிங்கியில் சென்று பிடிக்கும் களவா, சங்கரா, பாறை, வஞ்சிரம், நெத்திலி ஆகியவையோ பவளப் பாறைகளையும் குறுகிய கரையோரத் திட்டையும் சார்ந்து வாழ்பவை. சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது அவசியம்.

பொதுநீரில் உள்ள மீன் பிடிக்கப்படும்வரை எவருக்கும் சொந்தமில்லை. இன்று ஒருவர் சிறு மீனை விட்டுவைத்தால், நாளை அது வளர்ந்து தமக்கே கிட்டும் என்ற உறுதி அவருக்கு இல்லை. அடுத்த படகுக்காரர் அதை இன்றே பிடித்துவிடலாம். எனவே ஒவ்வொருவருக்கும் அறிவுடைமையாகத் தோன்றும் செயல், எல்லோருக்கும் சேர்த்து இழப்பாக முடிகிறது. கனடா நாட்டுப் பொருளியலறிஞர் ஸ்காட் கார்டன் 1954-இல் மீன்வளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டே இதை விளக்கினார். படகுகள் பெருகப் பெருக, மீன்வளம் தரக்கூடிய உபரி வருவாய் முழுவதும் செலவில் கரைந்துபோகும் என்பது அவர் கண்ட முடிவு. எத்தனை படகுகள், எத்தகைய வலைகள், எந்தப் பருவம் என்று அரசு குறுக்கிட நேர்வதற்கு இதுவே பொருளாதார நியாயம்.

1897-ஆம் ஆண்டுச் சட்டம்

சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த பிரான்சிஸ் டே, மீனியல் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். அந்தமான் மீன்களைப் பற்றியும் எழுதியவர். இந்தியாவிலும் பர்மாவிலும் நன்னீர் மீன்வளம் எவ்வாறு அழிக்கப்படுகிறது என்பதை அவர் 1873-இல் அறிக்கையாக அளித்தார். சிறு கண்ணி வலைகளும், ஓடைகளை மறித்துக் கட்டிய அடைப்புகளும் மீன்குஞ்சுகளைக் கூட விடாமல் வாரி எடுத்ததை அவர் சுட்டிக்காட்டினார். அதன்பின் கால் நூற்றாண்டு கழித்து வந்ததே 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம். சில பிரிவுகளே கொண்ட இச்சிறு சட்டத்தை இன்று படிப்பவருக்கும் அதன் கட்டுக்கோப்பு வியப்பளிக்கும்.

அச்சட்டம் மூன்று வகையான செயல்களைப் பிரித்துப் பார்த்தது. வெடி வைத்து மீன் பிடிப்பதை உள்நாட்டு நீரிலும், கரையிலிருந்து ஒரு கடற்காதம், அதாவது மூன்று கடல்மைல், வரையிலும் அது நேரடியாகக் குற்றமாக்கியது. நஞ்சு, சுண்ணாம்பு முதலிய தீங்கான பொருள்களை நீரில் இடுவதும் குற்றமே. ஆனால் இந்த இரண்டாவது தடையைக் குறிப்பிட்ட பகுதிகளில் அறிவிக்கை மூலம் நிறுத்திவைக்க அரசுக்கு அதிகாரம் தரப்பட்டது. மூன்றாவதாக, நிலைவலைகள், அடைப்புகள், வலைகளின் அளவு, வகை, பயன்படுத்தும் விதம் ஆகியவற்றை முறைப்படுத்த விதிகள் இயற்றலாம் என்றது. குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டு ஆண்டுகள்வரை மீன்பிடிப்பையே நிறுத்தவும் இடமளித்தது.

வெடிக்கு விலக்கே இல்லை, நஞ்சுக்கு விலக்கு உண்டு என்ற இந்த வேறுபாடு பொருள் பொதிந்தது. வெடியின் அதிர்ச்சியில் மீனின் காற்றுப்பை கிழிகிறது. மிதப்பதைவிட மூழ்கிப் போவது மிகுதி. பவளப் பாறை நொறுங்கிக் கூளமாகிவிட்டால், புதிய பவளப் பூச்சிகள் பற்றி வளர உறுதியான தளம் இராது. அவ்விடம் பல்லாண்டுகளுக்குத் தரிசாகவே கிடக்கும். மாறாக, நிக்கோபாரிகள் சமுத்திரப்பழ இனத்தைச் சேர்ந்த கடற்கரை மரமொன்றின் விதையை அரைத்து, பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிப்பது பழைய வழக்கம். கலக்கும் அளவும் குறைவு, இடமும் சிறிது, பிடிப்பதும் உணவுக்காகவே. இதையும் ஓடை முழுவதும் பூச்சிமருந்தைக் கொட்டுவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர் போலும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதையொத்த நோக்கைக் காணலாம். 1967-ஆம் ஆண்டு ஏப்ரலில் தீவு நிர்வாகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி நிக்கோபார் பழங்குடியினருக்குக் கிடைத்த வேட்டை உரிமைகளை அச்சட்டம் பாதிக்காது என அதன் 65-ஆம் பிரிவு கூறுகிறது.

பழைய சட்டத்தின் பலவீனம் தண்டனையில் இருந்தது. வெடிக் குற்றத்திற்கு இரண்டு மாதச் சிறையும் இருநூறு ரூபாய் அபராதமும் உச்சவரம்பு. 1897-இல் இருநூறு ரூபாய் ஒரு பெருந்தொகை. விலைவாசி ஏறிய பின்னும் எண் மாறாமல் நின்றால், அது தண்டனையாக இராமல் தொழிற் செலவுகளுள் ஒன்றாகிவிடும். மேலும், பிடியாணையின்றிக் கைது செய்வதற்கு, குற்றம் அலுவலரின் கண்ணெதிரே நிகழ்ந்திருக்க வேண்டும். குற்றவாளியின் பெயரும் முகவரியும் தெரியாமலோ மறுக்கப்பட்டோ இருக்க வேண்டும். ஆளில்லாத் தீவுகள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கும் ஒரு பகுதியில் ‘கண்ணெதிரே’ என்ற நிபந்தனை எத்தனை முறை நிறைவேறும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சிப்பி கற்பித்த பாடம்

தீவுகளுக்கெனத் தனிச் சட்டம் 1938-இல் பிறந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் மீன்வள ஒழுங்குமுறைச் சட்டம் என்பது அதன் பெயர். அதன் பின்னணியில் இருந்தது மீனைவிடச் சிப்பியே எனலாம். பம்பரச் சிப்பி எனத்தக்க டிரோக்கஸ், அதனினும் பெரிய டர்போ ஆகியவற்றின் உட்புறம் முத்தின் ஒளி கொண்டது. பிளாஸ்டிக் வருமுன் சட்டைப் பொத்தான்கள் பல இவற்றிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டன. 1929-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானியப் படகுகள் அந்தமானில் இச்சிப்பிகளை எடுக்கத் தொடங்கின. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எச். சீனிவாசராவ் 1930-களில் டிரோக்கஸின் வளர்ச்சியையும் ஆயுளையும் அங்கேயே தங்கி ஆராய்ந்தார்.

டிரோக்கஸ் ஓடித் தப்பும் உயிரன்று. பாறையில் ஊர்ந்து பாசியைத் தின்பது. மூழ்கிச் செல்பவர் கையால் பொறுக்கிக்கொள்ளலாம். வலையே இல்லாத இத்தொழிலுக்குக் கண்ணி அளவை விதிக்க முடியாது. ஆகவே உரிமம், பகுதி பகுதியாகக் கடலைப் பிரித்தல், குறைந்தபட்ச ஓட்டின் அளவு என்ற மூன்றும் இங்கே கருவிகளாயின. இவற்றுள் ஓட்டின் அளவு சிறந்த விதி என்றே சொல்ல வேண்டும். ஒரு முறையேனும் முட்டையிட்ட பிறகே பிடிபடட்டும் என்பது அதன் உட்பொருள். அதைக் கடலில் காவல் காத்துச் செயல்படுத்த வேண்டியதில்லை. கரையில், மூட்டையை அவிழ்த்து அளவுகோல் வைத்தால் போதும். 2001-இல் இச்சிப்பிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் இடம்பெற்றன. அதே ஆண்டில் கடல் அட்டை முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, அதைப் பிடிப்பது முற்றிலும் தடை செய்யப்பட்டது. இந்த இரண்டாவது முடிவு மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மூழ்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு விழுந்த அடியை இராமநாதபுரம் மாவட்டம் நன்கறியும். 1982 முதல் மூன்று அங்குலத்திற்குக் குறைந்த கடல் அட்டையை ஏற்றுமதி செய்யத் தடை இருந்தது. அந்த அளவு விதியை உறுதியுடன் நிறைவேற்றிப் பார்க்காமலே முழுத்தடைக்குத் தாவியது சரியா என்பது விவாதத்திற்குரியது. தடைக்குப் பின்னும் அந்தமான் கடலில் கடல் அட்டை திருட்டு நிற்கவில்லை. அண்டை நாட்டுப் படகுகள் இதன் பொருட்டே ஊடுருவிப் பிடிபடுவது தொடர்கிறது. அவர்கள்மீது 1981-ஆம் ஆண்டு அயல்நாட்டுக் கலங்கள் பற்றிய சட்டம் பாய்கிறது.

2003-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை

விசைப்படகுகள் பெருகியபோது சட்டத்தின் கவனம் மீனிலிருந்து மீனவருக்கிடையேயான மோதலுக்குத் திரும்பியது. சோழமண்டலக் கரையில் இழுவைப் படகுகள் கட்டுமரங்களின் வலைகளை அறுத்துச் சென்ற தகராறுகள் 1970-களில் உயிர்ச்சேதம்வரை போயின. 1976-இல் மஜும்தார் குழு அமைக்கப்பட்டது. 1979-இல் மைய அரசு மாதிரி மசோதா ஒன்றைக் கரையோர மாநிலங்களுக்கு அனுப்பியது. கேரளம் 1980-இலும் தமிழ்நாடு 1983-இலும் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் தான் தொழில் செய்யலாம். இத்தகைய கட்டுப்பாடுகள் தொழில் உரிமையைப் பறிப்பவை அல்ல என்பதை, கேரள அரசு சுருக்குமடி போன்றவற்றுக்கு விதித்த தடை குறித்த ஜோசப் ஆன்டனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் உறுதி செய்தது.

தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. அரசியல் சட்டத்தின் 240-ஆம் விதியின்கீழ் குடியரசுத் தலைவரே ஒழுங்குமுறைகளைப் பிறப்பிக்கிறார். அவ்வாறு வந்ததே 2003-ஆம் ஆண்டு அந்தமான் நிக்கோபார் தீவுகள் கடல் மீன்பிடி ஒழுங்குமுறை. அதன் விதிகள் 2004-இல் வந்தன. படகுப் பதிவு, உரிமம், கலத்தின் வகைக்கேற்ற பரப்பு, வலைகளின் மீதான கட்டுப்பாடு என்னும் மாதிரி மசோதாவின் உறுப்புகளை இதிலும் காணலாம். அவ்விதிகள் நடைமுறைக்கு வந்த ஆண்டின் இறுதியிலேயே, டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை படகுகளையும் இறங்கு துறைகளையும் வாரிச் சென்றது. வட அந்தமானில் நிலம் உயர்ந்து பவளத் திட்டுகள் நீருக்கு மேலே வந்து மடிந்தன. நிக்கோபாரில் நிலம் தாழ்ந்தது. மீன்பிடி இடங்களே மாறிப்போன நிலையில் புதிய விதிகள் வேரூன்றக் காலம் பிடித்ததில் வியப்பில்லை.

கண்ணி அளவு பற்றி ஒரு சொல். செவுள் வலையில் சிறு மீன் நுழைந்து வெளியேறிவிடும். மிகப் பெரியது தலை நுழையாமல் திரும்பிவிடும். இடைப்பட்டதே சிக்கும். எனவே கண்ணியை அளந்தால் பிடிபடும் மீனின் அளவை ஏறக்குறைய அறுதியிடலாம். இழுவைமடி அப்படியன்று. இழுக்கும்போது மடியின் சாய்சதுரக் கண்கள் நீண்டு மூடிக்கொள்கின்றன. கரையில் அளந்த அளவு நீரில் இராது. இழுக்கும்போதும் திறந்தே நிற்கும் சதுரக்கண் மடியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பரிந்துரைப்பது இதனாலேயே. அந்தமானில் கடலடி பெரும்பாலும் கரடுமுரடான பாறையாதலால் இழுவைக்கு இயற்கையே ஓரளவு வேலியிட்டுள்ளது. தூண்டிலும் செவுள் வலையும் தீவு மீனவரின் முதன்மைக் கருவிகளாக நீடிப்பது மீன்வளத்தின் நல்லூழ். எனினும் செவுள் வலையில் ஆவுளியாவும் ஆமையும் சிக்கி மூச்சுத் திணறி இறக்கின்றன. ஆவுளியா இத்தீவுகளின் மாநில விலங்கு என்பது நினைவுகூரத்தக்கது.

பன்னிரண்டு கடல்மைலுக்கு அப்பால் மைய அரசின் பொறுப்பு தொடங்குகிறது. கிழக்குக் கரையிலும் அந்தமான் கடலிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடை அங்கே நடைமுறையில் உள்ளது. இரட்டை மடி இழுவையும், மின்விளக்கு ஒளியால் மீனை ஈர்த்துப் பிடிப்பதும் 2017 நவம்பரில் தடை செய்யப்பட்டன. 2025 நவம்பரில் வெளியான தனிப் பொருளாதாரப் பரப்பு விதிகள் அத்தடைகளை வலுப்படுத்தி, விசைப்படகுகளுக்கு நுழைவுச் சீட்டு முறையைக் கொணர்ந்தன. கூட்டுறவு அமைப்புகளுக்கு முன்னுரிமை அளித்து, தாய்க்கப்பலும் அதைச் சார்ந்த சிறு படகுகளும் கூடி ஆழ்கடலில் தொழில் செய்யும் முறைக்கும் வழிவகுத்தன. அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் இம்முறை தனிப்பட்ட பயன் தரும் என்பது அரசின் எதிர்பார்ப்பு.

இந்த எதிர்பார்ப்பு நிறைவேற வேண்டுமானால், தாய்க்கப்பலைச் சுற்றும் சிறு படகுகள் எவருடையவை என்பது முதலில் தீர்மானிக்கப்பட வேண்டும். அயல்நாட்டுக் கலங்களை வாடகைக்கு அமர்த்தியும் கூட்டு முயற்சியாகவும் ஆழ்கடலில் ஈடுபடுத்திய 1980, 1990-ஆம் ஆண்டுகளின் கொள்கை உள்நாட்டு மீனவரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது; அதைக் கைவிடுமாறு முராரி குழு 1996-இல் பரிந்துரைக்க நேர்ந்தது. ஆந்திரம், கேரளம், வங்கம், தமிழகம் ஆகிய பகுதிகளிலிருந்து குடியேறி, பனிக்கட்டிப் பெட்டியும் சிறு இயந்திரமும் கொண்ட டிங்கிகளில் தொழில் செய்யும் தீவு மீனவர், சூரையைத் தேடி ஐம்பது மைல் செல்லும் வசதி படைத்தவரல்லர். அவருக்குக் கடனும் பயிற்சியும் கூட்டுறவும் வாய்த்தால் பாறையோரக் களவா மீதுள்ள அழுத்தம் குறையும். வாய்க்காவிடில் சூரை வெளியூர்க் கலங்களுக்குப் போகும். டிங்கி மேலும் மேலும் அதே பாறையையே சுற்றிவரும். சட்டப்படி அளந்து பார்க்க வேண்டிய அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. ஜங்லிகாட் துறையில் விடியற்காலையில் இறங்கும் கூடைகளில் வலையின் கண்ணியையும் மீனின் நீளத்தையும் நாள்தோறும் பதிவு செய்ய, ரோந்துக் கப்பலுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே போதும்.