நுரை சொல்லும் துப்பு

கேள்வி: மழை வந்தாலே சங்கனூர் பள்ளத்தில் நுரை பொங்குகிறது. அந்த ரசாயனம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், கணபதி, கோவை-6

பதில்: முடியும்ங்க. மேல்புறமிருந்து பாலத்துக்குப் பாலம் தண்ணீர் எடுத்துச் சோதித்தால் போதும். எந்த இரண்டு பாலங்களுக்கு நடுவே அளவு எகிறுகிறதோ, அங்கேதான் குழாய் ஒளிந்திருக்கும். நுரைக்குப் பெரும்பாலும் நம் வீட்டுச் சோப்புத்தூளே காரணம். பழியை முழுக்கப் பட்டறைமேல் போட முடியாது. முலாம் பூசுகிற பட்டறைக் கழிவென்றால் குரோமியமும் நிக்கலும் காட்டிக்கொடுக்கும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தண்ணீர் ஓடிப்போனாலும் உலோகம் வண்டலில் தங்கிவிடும். குளத்துச் சேறு ஒரு பழைய கணக்கு நோட்டு.

சாயக்கழிவுக்கு அடையாளம் உப்பு. அது மக்காது, எளிதில் படியாது. திருப்பூரில் கலந்தது நொய்யலோடு போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையை எதிர்த்தே உழவர்கள் வழக்காட நேர்ந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

உங்கள் பள்ளத்தில் எப்போது தண்ணீர் எடுக்கிறோம் என்பது முக்கியம். முதல் வெள்ளம் சாலை எண்ணெய், சாக்கடை எல்லாவற்றையும் அள்ளிவரும். பிறகு வருவது நீர்த்துப்போயிருக்கும். மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடும் மகராசன்கள் நம்பியிருப்பது அந்த நேரத்தைத்தான்.