கல்லுக்குக் கரை

வீட்டு முகப்பிலிருந்து தெருக்கதவு வரையில் கார் ஏறி இறங்குவதற்காகப் பேவர் பிளாக் பதிக்க எண்ணுகிறவர்கள், கல்லின் நிறத்தையும் வடிவத்தையும் பற்றி நாட்கணக்கில் விசாரம் செய்வார்களேயொழிய, அந்தக் கற்பரப்பின் ஓரங்கள் எவ்வாறு முடியப்போகின்றன என்று ஒரு நாழிகையேனும் சிந்திப்பதில்லை என்பது, என் வீட்டிலும் உறவினர் சிலருடைய வீடுகளிலும் இந்த வேலையை மேற்பார்த்த அனுபவத்தில் நான் கண்டது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. கல் பதிக்கக் கூலி சதுர அடிக் கணக்கு. நடுப்பரப்பில் வேலை விரைந்து ஓடும், கணக்கும் ஏறும். ஓரத்திலோ பள்ளம் வெட்டி, நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு கல்லாகத் தட்டி நிறுத்தவேண்டியிருப்பதால், சதுர அடிக்குள்ளேயே அதையும் அடக்கிப் பேசிவிட்டால் எந்த மேஸ்திரிக்கும் அதில் சிரத்தை பிறவாது. ஆகவே ஓரக்கல்லுக்கு ரன்னிங் அடிக் கணக்கில் தனியே கூலி பேசி, அடியில் எத்தனை அங்குலக் கான்கிரீட் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செங்கல் அருகிப்போன ஹாலந்து தேசத்தில், தெருக்களுக்குச் செங்கல்லுக்குப் பதிலாகப் பரப்பத் தொடங்கிய இந்தக் கான்கிரீட் கற்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை எதுவும் கிடையாது. கீழே ஓரங்குலத்துக்குச் சற்று மிகுந்த மணல், இடுக்குகளில் நுண்மணல், அவ்வளவே. ஒரு கல்லின்மேல் சக்கரம் ஏறும்போது அந்தப் பாரத்தைப் பக்கத்துக் கற்கள் பங்கிட்டுக்கொள்வதெல்லாம், இடுக்கிலுள்ள மணல் இறுகியிருக்கும் வரைதான். நிறுத்தத்தில் கார் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கல்லைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசையை ஓரத்தில் ஒன்று எதிர்த்து நிற்காவிட்டால், கடைசி வரிசை நூலளவு விலகும். இடுக்கு அகன்று மணல் இறங்கும். அதை அடுத்த வரிசையும் அப்படியே பின்தொடரும். வரப்பு உடைந்த வயலில் நீர் நில்லாததுபோல, கரை தளர்ந்த பரப்பில் கல் நில்லாது. இந்த விலகலைத் தடுப்பதாக நினைத்துச் சிலர் இடுக்குகளில் சிமெண்ட் பால் ஊற்றுகிறார்கள்; அஃது ஓர் ஆண்டுக்குள் வெடித்துச் சிதறுவதோடு, கல்லைக் கழற்றி மறுபடி பதிக்கும் அனுகூலத்தையும் கெடுத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

என் வீடு இருப்பது கோயமுத்தூரில், கரிசல் பாங்கான மண்ணில். கோடையில் விரல் நுழையும்படி வெடித்து, ஐப்பசி மழையில் ஊறிப் பருத்து எழும் இந்த மண்ணின் சுபாவத்தை அறியாமல், அதன்மேல் நேரே ஓரக்கல்லை நட்டால், கல் ஆண்டுதோறும் எழுந்தும் அமர்ந்தும் வரிசை கோணிவிடும். ஆதலால் கார்ப்பாதை முழுவதும் கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டி, அதை அடுக்கடுக்காக நனைத்து இறுக்கினோம். நான் வற்புறுத்தியது ஒன்றே: அந்தக் கிராவல் ஓரக்கல்லின் உட்புறத்தோடு நின்றுவிடாமல், கல்லுக்கு அடியிலும், அதற்கப்பால் அரை அடி வெளியிலும் நீண்டிருக்கவேண்டும். பரப்புக்கு ஓர் அஸ்திவாரமும் கரைக்கு வேறோர் அஸ்திவாரமுமாக இருந்தால் இரண்டும் ஒரே அளவில் அமர்வதில்லை.

கரை கட்டுமுன், பாதையின் அகலத்தில் ஒரு வரிசைக் கல்லை மணலின்றி வெறுந்தரையிலே அடுக்கிப் பார்த்துவிட்டு, முழுக்கல்லோ அரைக்கல்லோ வந்து முடிகிற இடத்தில் நூல் கட்டுவது நல்லது. பின்னால் கட்டர் மெஷினின் தூசியும் கூலியும் பெரும்பாலும் மிச்சமாகும். மட்டத்தை டியூப் லெவலில் பார்த்துக்கொண்டு, வீட்டிலிருந்து தெருப்பக்கம் பத்தடிக்கு இரண்டரை அங்குல வாட்டம் கொடுத்தோம்.

நான் வாங்கிய கெர்ப் கல் ஓரடி உயரமும் நாலங்குலக் கனமும் உள்ளது. அது பரப்போடு சமமாக முடியவேண்டியிருந்ததால், கீழே நாலங்குலக் கான்கிரீட்டையும் சேர்த்து 16 அங்குல ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினோம். ஈரம் குறைவாக, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் 1:2:4 கான்கிரீட்டைப் போட்டு, அது இறுகுமுன் கல்லை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி நூலுக்குக் கொண்டுவரவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது கல்லின் முதுகுப்புறம். அங்கே கல்லின் பாதி உயரம் வரையில் சரிவாகக் கான்கிரீட் அணைக்காவிட்டால், அடியிலுள்ள படுக்கை எவ்வளவு பலமாயிருந்தும் கல் வெளிப்பக்கம் சாயும். நான் அதைச் சொன்னபோது மேஸ்திரி சிரித்தார்.

"ஏனுங்க சார், மண்ணுக்குள்ள பொதையப் போற எடத்துக்கு இத்தன கலவைங்களா? யாருங்க பாக்கப் போறாங்க?"

"நம்ம கண்ணு பாக்காதுங்க மேஸ்திரி, வண்டி டயரு பாத்துடுமுங்க."

அவர் மறுக்காமல் போட்டார். ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் நீராற்றிய பிறகே உள்ளே மணல் பரப்பவும் வைப்ரேட்டர் ஓட்டவும் சம்மதித்தேன். பச்சைக் கரையின் அருகே அந்த இயந்திரத்தை ஓட்டினால், கட்டிய கையாலேயே இடித்ததாகும். வளைவுகளில் நீளக்கல்லை விட்டுச் சிறு துண்டுகளை வைத்துக்கொள்ளலாம்.

கேட்டின் அடியில் கரை அவசியமில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் வண்டி தெருவிலிருந்து ஏறும் அடி முதலில் விழுவது அங்கேதான். ஆதலால் அந்தக் குறுக்குக்கல்லை மற்றவற்றைவிட ஆழமாகவும் கனமாகவும் அமைத்தோம். காம்பவுண்டுச் சுவரையே ஓரமாகப் பாவிக்கும் சிக்கனம் எனக்கு உவப்பானதன்று: கல் தள்ளுவதைச் சுவர் தாங்கினாலும், மழைநீர் பூச்சில் ஏறி ஓதம் பிடிக்கும். வாட்டத்தின் தாழ்ந்த முனையில், மணற்படுக்கையின் மட்டத்தில், ஓரக்கற்களுக்கிடையே சிறு துவாரங்கள் விட்டு, உட்புறம் மணலைத் தடுக்கும் நார்த்துணி வைத்தால், படுக்கையில் ஊறிய நீருக்குப் போக்கிடம் கிடைக்கும்.

வெட்டுத்துண்டு வைக்கும்படி நேர்ந்தால், கல்லில் மூன்றிலொரு பங்குக்குக் குறைந்த துண்டைக் கரையோரம் வைக்கலாகாது. கரையை ஒட்டி முழுக்கல் வரிசை ஒன்றை விட்டுவிட்டு, வெட்டை உள்வரிசைக்குத் தள்ளவேண்டும். இயந்திரம் ஓடி முடிந்த பின்னும் கற்பரப்பு கரையைவிட 3 முதல் 5 மி.மீ. உயர்ந்திருக்கட்டும், நாளடைவில் சற்றே அமர்ந்தாலும் ஓரத்தில் நீர் தேங்காது.

முதுகுப்புற அணைப்பைப் பாதி உயரத்தோடு நிறுத்தியதால், அதன்மேல் மண் போட்டுப் புல் வளர்க்க எங்களுக்கு இடமிருந்தது. செடிக்குப் பாத்தி வெட்ட வருகிறவரிடம் மட்டும், கரையிலிருந்து ஓரடி தள்ளி மம்பட்டி போடும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.